பசி இல்லாத கட்டுத்தரை

தோல் உண்டு, ரத்தம் இல்லை. தாய் உண்டு, பசி இல்லை. உயிரோடு இருந்தபோது செலவு வைத்தது. செத்த பிறகு சம்பாதித்துக் கொடுக்கிறது. அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்.

மேளம் என்று சொன்னவர்களுக்குப் பாதி மதிப்பெண். மேளத்துக்குத் தோல் உண்டு, ஆனால் அதை நக்கிக் கொடுக்கும் தாய் எங்கே இருக்கிறது? முள்ளங்காட்டு வலசு என்ற சிற்றூரில் போய்க் கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட யோசிக்காமல் விடை சொல்லிவிடும்: வைக்கோல் கன்று. சொல்லிவிட்டு, தன் வீட்டுக் கட்டுத்தரைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்ளும். மாடு கட்டும் இடத்தை அந்தப் பக்கத்தில் கட்டுத்தரை என்பார்கள். பிள்ளை ஏன் திரும்பிப் பார்க்கிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கன்று முட்டினால்தான் மாடு பால் சுரக்கும். கன்று செத்துப்போனால் மடி நிறையப் பால் இருந்தாலும் மாடு அதை இறக்காது. அதனால் செத்த கன்றின் தோலை உரித்து, உப்பும் சாம்பலும் தடவி நிழலில் உலர்த்தி, உள்ளே வைக்கோல் அடைத்து, கோணி ஊசியால் தைத்து, கிளுவைக் குச்சிகளைக் காலாகக் கொடுத்து, தாயின் முகத்துக்கு நேரே நிறுத்துவார்கள். தாய் அதன் முதுகை நக்கும், பால் இறங்கும். ஏமாற்றுத்தான், ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஏமாற்று. நாற்பது ஐம்பது நாள் ஓடும். அப்புறம் தோலின் வாசம் போய் வைக்கோலின் வாசம் மேலே வரும், மாடு ஒருநாள் அதைக் கொம்பால் தள்ளிவிடும், தள்ளினதை எடுத்து வேலியோரம் போட்டுவிடுவார்கள்.

அந்த ஊரில் வருஷம் முழுவதும் பால் கிடையாது. ஐப்பசியில் மழை விழும், வேலி போட்ட மேய்ச்சல் காட்டில் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் எழும், மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஈனும், பால் சங்கத்து வாசலில் கேன்கள் வரிசை கட்டும். பங்குனி பிறந்தால் புல் கருகும், மடி சுருங்கும், சித்திரையிலிருந்து அடுத்த மழை வரைக்கும் மாடு தின்னும், கறக்காது. ஆறு மாதம் மாடு வீட்டைக் காப்பாற்றும், ஆறு மாதம் வீடு மாட்டைக் காப்பாற்ற வேண்டும். சென்னியப்பன் வீட்டில் இரண்டு மாடுகள். வைகாசிச் சந்தையில் ஒன்றை விற்பார், அந்தக் காசில் மற்றதற்குச் சோளத்தட்டும் தவிடும் வாங்கிப் போடுவார், மழைக்குப் பிறகு வருகிற பால் காசில் மறுபடி ஒன்றை வாங்குவார். கோடையில் விற்கும்போது மாடு மலிவு, மழைக்குப் பின் வாங்கும்போது மாடு விலை; அந்த இரண்டு விலைக்கும் நடுவில்தான் அந்தக் குடும்பம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருந்தது.

வீட்டில் தங்குகிற மாட்டுக்கு மயிலை என்று பெயர். விற்கப்போகிற மாட்டுக்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் ஓட்டிக்கொண்டு போகும்போது கூப்பிடத் தோன்றும் என்பாள் சென்னியப்பனின் மனைவி பழனாத்தாள். அவர்களுக்கு ஒரே மகள், சுபித்ரா, நான்காம் வகுப்பு. அவள் அதுவரை நான்கு மாடுகளைப் பெயர் சொல்லாமலே சந்தைக்கு அனுப்பியிருந்தாள்.

அந்த வருஷம் கார்த்திகையில் மயிலையின் கன்று ஒன்பதாம் நாள் கழிச்சல் கண்டு செத்தது. சென்னியப்பன் தோலை உரித்தார், பழனாத்தாள் வைக்கோலை அடைத்துத் தைத்தாள், கறக்கும்போது அதைத் தாயின் முகத்தருகே பிடித்துக்கொண்டு நிற்பது சுபித்ராவின் வேலை என்று ஆனது. மூன்றாம் நாள் காலையில் அவள் பிடித்துக்கொண்டிருந்த வைக்கோல் கன்று கழுத்தை நீட்டியது. பிறகு கிளுவைக் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அவள் கையை விட்டு விலகி, மயிலையின் வயிற்றுக்கு அடியில் போய் மடியை முட்டியது. குடிக்கவில்லை, அதன் வாய் தைத்திருந்தது. முட்டியது, அவ்வளவுதான்.

"அம்மா, இது தானா நடக்குது."

பழனாத்தாள் கறப்பதை நிறுத்தவில்லை. "நடக்குதா? நல்லதாப் போச்சு, புடிச்சுட்டு நிக்க ஒரு ஆள் மிச்சம். நீ போய்ப் பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பு கண்ணு."

சுபித்ரா நகரவில்லை. வைக்கோல் கன்று தலையைத் திருப்பியது. கண் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள், ஓட்டைகளுக்குள் வைக்கோல். அந்த வைக்கோல் தன்னைப் பார்க்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிப்போனாள்.

ஐம்பது நாள் ஆனது, நூறு நாள் ஆனது, மயிலை அதைக் கொம்பால் தள்ளவில்லை. வழக்கமாகக் கறக்கும்போது ஒரு காம்பைத் தொடாமல் கன்றுக்கு விடுவார்கள். இந்தக் கன்றுக்கு விட வேண்டியதில்லை என்பதால் நான்கு காம்பும் செம்பில் இறங்கின. "கன்னுப் பங்கும் நம்முளுதுதான். நல்லதாப் போச்சு, ரெண்டு லிட்டர் மிச்சம்" என்றார் சென்னியப்பன். பங்குனியில் புல் கருகியது, பால் குறையவில்லை. சித்திரையில் காட்டில் மண் தெரிந்தது, பால் குறையவில்லை. ஊரில் எல்லா மடியும் காய்ந்து கிடந்தபோது மயிலை காலையில் நாலு லிட்டர், மாலையில் நாலு லிட்டர் கறந்தது, கோடையில் பாலுக்கு விலையும் கூடுதல். வைகாசிச் சந்தை வந்தது, போனது, சென்னியப்பன் மாடு ஓட்டவில்லை. அன்றைக்குத்தான் சுபித்ரா விற்காமல் நின்ற அந்தச் சிவப்பு மாட்டின் நெற்றியைத் தடவி, அதற்குச் செவலி என்று பெயர் வைத்தாள்.

ஊர் சும்மா இருக்குமா? பால் சங்கத்தில் சென்னியப்பன் கேனை இறக்கி வைத்தவுடன் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"ஏனுங்ண்ணா, நெல்லு வைக்கோலா, சோளத்தட்டா?" என்றார் பக்கத்து வீட்டு ராக்கியப்பன்.

"நெல்லு வைக்கோல்தான்."

"உப்பு?"

"கல்லுப்பு. கடையில விக்கறதுதான்."

"தெச்சது யாருங்?"

"வேற யாரு, உம்பொண்டாட்டியா வந்து தெச்சுக் குடுத்தா?"

"எம்பொண்டாட்டி தெச்சா அது பன்னியாட்டமில்ல இருக்கும்" என்றார் ராக்கியப்பன். எல்லோரும் சிரித்தார்கள். சங்கத்துச் செயலாளர் நாச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய பேரேட்டில் கன்று என்ற தலைப்பின் கீழ் 'உயிருடன்', 'இறந்தது' என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. அவர் ஸ்கேலை வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, 'வைக்கோல்' என்று எழுதி, கீழே ஒரு டிக் அடித்தார். அதோடு அந்த விஷயம் ஊரில் ஒழுங்காகிவிட்டது. தடுப்பூசி போட வந்த கால்நடை உதவியாளர் வைக்கோல் கன்றின் தொடையில் ஊசியைக் குத்தி எடுத்தார், ஊசி முனையில் ஒரு சிறு சருகு ஒட்டிக்கொண்டு வந்தது, அதை ஊதித் தள்ளிவிட்டுக் காதில் மஞ்சள் வில்லையை அடித்தார். "நாலு காலு, ரெண்டு காது இருந்தாக் கணக்குல வந்துருமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் ஆளுக்கொரு வைக்கோல் கன்று செய்துகொள்ளத் தயார்தான். ஆனால் செத்த கன்று வேண்டுமே. கோடையில் புதுக் கன்றுக்கு எங்கே போவது? அதனால் ஊர் மழைக்காகக் காத்திருந்தது. மழைக்காகக் காத்திருப்பது அந்த ஊருக்குப் புதிது அல்ல. ஆனால் அந்த வருஷம் அவர்கள் காத்திருந்தது புல்லுக்காக அல்ல.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சேர்த்து வலசில் இருபத்தாறு கன்றுகள் பிறந்தன. தை பிறந்தபோது மூன்று இருந்தன. யாரும் கொல்லவில்லை. கன்றைப் பால் குடிக்க அவிழ்த்துவிட மறந்தார்கள், மழை ஒழுகும் மூலையில் கட்டிவிட்டு மாற்றிக் கட்ட மறந்தார்கள், கழிச்சல் கண்ட கன்றுக்கு மருந்து வாங்கப் போய் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். "சளிங்க" என்றார் ராக்கியப்பன். "எங்கூட்டுலயும் சளிதானுங்க" என்றார் அடுத்தவர். அப்படிச் சொல்லும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடையில் கோணி ஊசி தீர்ந்துபோய்ப் பக்கத்து ஊரிலிருந்து வரவழைத்தார்கள். செத்த இருபத்து மூன்றும் உப்பில் உலர்ந்து, வைக்கோல் நிறைந்து, மூன்றாம் நாள் எழுந்து நடந்தன. மிச்சமிருந்த மூன்றையும் அவற்றுக்காக வருத்தப்பட்டவர்கள் வெளியூருக்கு விற்றுவிட்டார்கள்.

அந்தக் கோடையில் பால் வண்டி இரண்டு நடை வந்தது. கூரை வீடுகளில் சிமெண்ட் அட்டை ஏறியது, அட்டை வீடுகளில் தரைக்கு டைல்ஸ் போட்டார்கள். கறக்கிற பாலில் சொட்டு மிச்சம் வைக்காமல் சங்கத்துக்கு ஊற்றியதால், அந்தப் பாலில் ஆடை படிவதில்லை என்பதை டீக்கடைக்காரரைத் தவிர வேறு யாரும் கவனிக்கவில்லை. அவரும் கவனித்தாரே தவிரச் சொல்லவில்லை.

சுபித்ரா வேறொன்றைக் கவனித்தாள். மாட்டின் வயிற்றில் காதை வைத்தால் உள்ளே குடுகுடுவென்று சத்தம் கேட்கும், தொட்டித் தண்ணீரில் யாரோ குடத்தை அமிழ்த்துவதுபோல. சின்ன வயதிலிருந்து அவளுக்கு அது பிடிக்கும். சித்திரையில் ஒருநாள் மயிலையின் வயிற்றில் காதை வைத்தாள். குடுகுடு இல்லை. சரசரவென்று கேட்டது.

"அம்மா, மயிலைக்குள்ளார வைக்கோல் இருக்குது."

"வைக்கோலத் தின்னா வைக்கோல்தான் இருக்கும். உனக்கு வேற வேலையில்லையா அம்மிணி?"

மயிலை தின்றே இரண்டு வாரம் ஆகியிருந்தது. சோளத்தட்டைப் போட்டால் முகர்ந்து பார்க்கும், விட்டுவிடும். தண்ணீர்த் தொட்டி அப்படியே பாசி பிடித்துக் கிடந்தது. சினையும் பிடிக்கவில்லை. ஆனாலும் காலையில் நாலு லிட்டர், மாலையில் நாலு லிட்டர். தீவனம் மிச்சம் என்று ஊரே பேசிக்கொண்டது. மத்தியான வெயிலில் கட்டுத்தரைகளைக் கடந்து போகும்போது, ஒவ்வொன்றிலும் ஒரு வைக்கோல் கன்று நின்றுகொண்டிருக்கும், தாயைப் பார்த்து அல்ல, வீட்டு வாசலைப் பார்த்து. யார் கறக்கிறார்களோ அவர்கள் வெளியே வந்தால் இருபத்து நாலு தலைகளும் திரும்பும்.

அந்த ஊரில் கறப்பது பெண்கள்.

வைகாசியில் ஒருநாள் பழனாத்தாள் மகளுக்குத் தலை வாரிவிட்டாள். சுபித்ராவின் காதருகே யாரோ வைக்கோல் போரைப் பிரிப்பதுபோல ஒரு சத்தம். அம்மாவின் விரல்கள் நகரும்போதெல்லாம் அது வந்தது. சுபித்ரா அசையாமல் உட்கார்ந்திருந்தாள், அசைந்தால் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும் என்று பயந்து. அன்று மத்தியானம் பழனாத்தாள் தட்டு போட்டுக்கொள்ளவில்லை.

"சாப்புடு புள்ள" என்றார் சென்னியப்பன்.

"பசிக்கலீங்க. ஒரு வாரமாவே பசிக்கல. முழங்கால் வலியும் போயிருச்சு. நல்லதாப் போச்சு, ஒரு ஆள் சோறு மிச்சம்."

சென்னியப்பன் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். ஆனால் மறுநாள் சங்கத்தில் ராக்கியப்பன் தன் மனைவி லோகநாயகியைப் பற்றிப் பெருமையாகவே சொன்னார்: "எங்கூட்டுக்காரி சாப்புடறதே இல்லீங்க. போன மாசத்துச் சிலிண்டர் இன்னும் கெடக்குது." எங்கள் வீட்டிலும், எங்கள் வீட்டிலும் என்றார்கள் மற்றவர்கள். இப்படித்தான் அதையும் ஊர் எடுத்துக்கொண்டது. லோகநாயகி அடுப்புப் பற்றவைத்தபோது முழங்கையில் பொறி பட்டுப் புகைந்தது, வலிக்கவில்லை, ராக்கியப்பன் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுக் கிழிந்த இடத்தைக் கோணி ஊசியால் தைத்தார். அன்றிலிருந்து ஆண்கள் ராத்திரிக்கு மட்டும் ஏதோ சமைக்கக் கற்றுக்கொண்டார்கள், பெண்கள் இருக்கும் வீட்டில் பீடி பற்றவைப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடும் வந்தது. இது எங்கே போய் முடியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பால் நின்றுவிடுமோ என்ற பயம், எல்லா வீட்டிலும் வேறு எந்தப் பயத்தையும்விடப் பெரியதாக இருந்தது.

அந்த மாதத்தில்தான் செவலி ஈன்றது. போன வருஷம் விற்காமல் நின்றுபோன மாடு, பருவம் தப்பிச் சினைபிடித்து, யாரும் ஈனாத காலத்தில் ஒரு கெடாரியை, பெண் கன்றை, ஈன்றது. வலசில் ரத்தமுள்ள கன்று அது ஒன்றுதான். சுபித்ராவுக்குப் பள்ளிக்கூடம் லீவு. காலையிலிருந்து பொழுது சாயும்வரை கன்றின் பக்கத்தை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை.

"மொளக்குச்சில கட்டிட்டு ஊட்டுக்கு வா சாமி" என்பார் சென்னியப்பன்.

"நீங்க மறந்துருவீங்கப்பா."

"நானா மறப்பேன்?"

அவள் கன்றின் கயிற்றைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். அவர் தனியாகவே வீட்டுக்குத் திரும்பிப் போனார். மூலையில் நின்ற வைக்கோல் கன்று தினமும் ஒரு அடி கிட்டே வந்து நின்றிருந்தது. அதை யாரும் நகர்த்தவில்லை.

ஆனி பிறந்து பள்ளிக்கூடம் திறந்தது. வலசுப் பிள்ளைகள் மத்தியானச் சோற்றை மூன்று தடவை வாங்கித் தின்றார்கள். "ஏஞ்சாமி, காத்தால ஊட்டுல ஒண்ணும் குடுக்கறதில்லையா?" என்று சமையல்காரம்மா கேட்டார். "அம்மாவுக்கு மறந்துபோச்சுங்க" என்றான் ஒரு பையன். "எங்கம்மாவுக்குந்தானுங்க" என்றாள் ஒரு பெண். கன்றுகளுக்கு மறந்துபோனதை எல்லோரும் எந்தக் குரலில் சொன்னார்களோ அதே குரல். சுபித்ரா தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அவள் நேராக அம்மாவிடம் போனாள். பழனாத்தாள் கட்டுத்தரையில் மயிலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். உட்காரவில்லை, சாயவில்லை, நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, பசிக்குது."

பழனாத்தாள் தலையைத் திருப்பினாள். கழுத்தில் சரசரவென்றது. வாயிலிருந்து சன்னமாகத் தூசி பறந்தது.

"பசின்னா?"

"பசிம்மா. வயித்துல."

"வயித்துல எப்படி இருக்கும், சொல்லு பாக்கலாம்" என்றாள் பழனாத்தாள், விடுகதை கேட்கிற மாதிரி, அன்பாக. அவள் கண்களுக்குள் சுபித்ரா பார்த்தாள். ரொம்ப ஆழத்தில், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மஞ்சளாக ஏதோ தெரிந்தது. இந்த அம்மா இன்னும் கொஞ்ச நாளில் தன் பெயரையும் மறந்துவிடுவாள், மறந்துவிட்டு இதே அன்போடு நின்றுகொண்டிருப்பாள் என்று அவளுக்கு விளங்கியது.

மறுநாள் சுபித்ரா பசியில் கை பலமில்லாமல் போட்ட முடிச்சு அவிழ்ந்துபோனது. கன்று துள்ளிக்கொண்டு போய், தாய் செவலி இருக்க, மயிலையின் மடியில் வாய் வைத்தது. மயிலை உதைக்கவில்லை. தலையைத் திருப்பி அந்தச் சின்ன முதுகை நக்கியது, ஒரு வாய், இரண்டு வாய், மறந்துபோன ஒன்றை ஞாபகப்படுத்திக்கொள்வதுபோல. சுபித்ரா ஓடி வந்து கன்றை இழுப்பதற்குள் அது நாலு மடக்குக் குடித்துவிட்டது. மயிலையின் வயிற்றுக்குள் குடுகுடுவென்றது. மூலையில் வைக்கோல் கன்றின் ஒரு கால் மடங்கி, அது சாய்ந்து நின்றது.

வீட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. சொம்பு உருளும் சத்தம். சுபித்ரா உள்ளே போனபோது பழனாத்தாள் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தாடையில் வழிந்து சேலையை நனைத்தது. குடித்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குது" என்றாள். பிறகு மகளைப் பார்த்தாள். "ஏங்கண்ணு இப்படி எளச்சுப்போயிருக்கற? காத்தால என்ன தின்ன?"

சுபித்ரா வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. அம்மாவின் கை அவள் கன்னத்தைத் துடைத்தது. அந்தக் கை ஈரமாக இருந்தது. மாலைக் கறவை வரைக்கும் அப்படி இருந்தது. மயிலை அன்று மாலை நாலுக்குப் பதில் இரண்டு லிட்டர்தான் கறந்தது, கறந்து முடித்து எழுந்தபோது பழனாத்தாளின் கை மறுபடி சரசரத்தது, வைக்கோல் கன்றின் கால் நிமிர்ந்தது. சங்கத்திலிருந்து வந்த பால் அளவுச் சீட்டைச் சென்னியப்பன் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முட்டாள் அல்ல.

ஆனி முடியப் பத்து நாள் இருக்கும்போதே ஆடிக் காற்று வந்துவிட்டது. மேற்கேயிருந்து கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்று சிமெண்ட் அட்டையையே தூக்கும். முதல் நாள் காற்றில் லோகநாயகியைக் காணோம். இரண்டு மேய்ச்சல் காடு தள்ளிக் கிளுவை வேலியில் சேலை சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தாள். ராக்கியப்பன் அவளை அவிழ்த்து, தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பாரமே இல்லை என்று வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். கறக்கிற நேரத்துக்கு மாட்டுக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்தார், கைகள் கறந்தன. அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் முன்னால் போய் நின்று "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டார்கள். கறந்து முடித்தும் அந்தக் கைகள் வெறும் காற்றில் கறந்துகொண்டே இருந்தன. அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் எல்லா ஆண்களும் மனைவியின் சேலைத் தலைப்பில் கல்லைக் கட்டிவிட்டார்கள். இதையும் ஊர் எடுத்துக்கொண்டது.

வியாழக்கிழமை காலை, கறவைக்கு முன்னால், சென்னியப்பன் கட்டுத்தரையில் குந்தி உட்கார்ந்து பழனாத்தாளின் தலைப்பில் மூன்றாவது கல்லைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் விரல்களுக்கு முடிச்சு வரவில்லை. சுபித்ரா கன்றின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வா சாமி" என்றார் அவர். "எனக்குச் சொல்லத் தெரியல. கணக்க மட்டும் சொல்றேன், கேட்டுக்க. கன்ன மயிலைகிட்ட விட்டம்னா அதோட ஆட்டம் நின்னுரும்" என்று வைக்கோல் கன்றைக் காட்டினார். "நாலு நாள் விட்டாப் போதும், விழுந்துரும். மயிலை வத்திப்போகும். மழைக்கு இன்னும் நாலு மாசம் இருக்குது. சோளத்தட்டு வாங்க ஒண்ண வித்தாகோணும். மயிலைய எவன் வாங்குவான், தட்டிப் பாத்தா வைக்கோல். செவலியத்தான் கேப்பான். கன்னோட சேத்துத்தான் கேப்பான். கரூர் யாவாரி ரெண்டு வாட்டி வந்து கேட்டுட்டுப் போனான், உசுருள்ள கன்னு இங்க இது ஒண்ணுதான்னு. ரெண்டும் போயிரும்."

"விடலீன்னா?"

"விடலீன்னா ஒண்ணும் போவாது. பால் வரும். காசு வரும். செவலியும் கன்னும் இங்கயே நிக்கும்." அவர் கல்லைக் கீழே வைத்தார். "உங்கம்மாளும் நிப்பா."

பழனாத்தாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "எதுக்குங்க புள்ளையப் போட்டு வதைக்கறீங்க?" என்றாள், தூசி பறக்க. "எனக்கு ஒரு கொறையும் இல்ல. இருவது வருசமா இடுப்பு வலிக்காம நான் எந்திரிச்சதே இல்ல. இப்ப வலியில்ல, அசதியில்ல, வைகாசிக்கு என்ன பண்றதுன்னு நெனப்பில்ல. நல்லாத்தான இருக்கறேன்." சொல்லிவிட்டு மகளைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துவிட்டு, "இந்தப் புள்ள யாரூட்டுப் புள்ளைங்க?" என்றாள்.

காற்று கூரையைத் தட்டியது. சென்னியப்பன் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார். வைக்கோல் கன்று செவலியின் கன்றுக்கு ஒரு முழம் கிட்டே வந்து நின்றிருந்தது.

"அப்பா" என்றாள் சுபித்ரா. "விட்டா, அம்மாவுக்கு மறுபடி வலிக்குமா?"

"வலிக்கும் சாமி. பசிக்கும். ஒவ்வொரு வைகாசிக்கும் அழுவா."

சுபித்ரா கன்றை அவிழ்த்து மயிலையின் மடிக்குக் கொண்டுபோய், முதல் காம்பை அதன் வாயில் வைத்தாள். செவலியையும் கன்றையும் திங்கட்கிழமைச் சந்தைக்கு ஓட்டச் சொன்னாள்.